பழைய காரின் புகையும் ஆயிலும்: இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

என் வீட்டு வாசலில் நிற்கும் மாருதி 800, 1998-ஆம் ஆண்டு வண்டி. பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் காலத்தது, மூன்று சிலிண்டர், 796 சிசி. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலையில் அதைக் கிளப்பியபோது சைலன்சரிலிருந்து நீலப் புகை, அதாவது ஆயில் எரியும் புகை, குபுகுபுவென்று வந்து எதிர்வீட்டு வாசலை மறைத்தது. அருகிலிருந்த பட்டறைக்கு ஓட்டிப்போனேன். பானட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. “ரிங் போய்விட்டது சார், முழு இன்ஜின் வேலை” என்று சொல்லி, செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

உண்மையில் ரிங்குகள், அதாவது பிஸ்டனைச் சுற்றி சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும் வளையங்கள், நன்றாகவே இருந்தன. தேய்ந்திருந்தவை வால்வுத் தண்டுகளின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் ஆறு சின்ன ரப்பர் சீல்கள். முழு இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கில் அது முடிந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது இரண்டு வாரம் எழுதிவைத்த ஒரு குறிப்பேடும், மலைப்பாதையில் இறங்கிய ஒரு பயணமும்தான்.

புகையின் நிறத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அது எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. நோயைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த நேரக் கணக்கு. கீழே உள்ள சோதனைகளை நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். செலவில்லாதவை முதலில், இன்ஜினைத் தொடுபவை கடைசியில். பெரும்பாலும் பழைய பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். டீசல் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆயில் விளக்கு எரிந்தால்

மற்றதையெல்லாம் பிறகு படிக்கலாம். இதை முதலில் படித்துவிடுங்கள். டாஷ்போர்டில் எண்ணெய்க் கெண்டி வடிவில் சிவப்பு விளக்கு இருக்கிறதல்லவா, அது ஆயில் அளவைக் காட்டும் விளக்கு அன்று. ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவது. சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்போ ஒயரோ போயிருக்கிறது. அதை உடனே சரிசெய்யுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால், ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். “இன்னும் இரண்டு கிலோமீட்டரில் வீடு” என்று ஓட்டுவதுதான் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளைக் கொல்கிறது. சில நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைவாக இருந்தால் ஊற்றிப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறது என்றால் வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே பேச்சில்லை.

நெடுநேரம் ஓடிச் சூடேறிய பிறகு, சிக்னலில் நிற்கும்போது மட்டும் விளக்கு மினுங்கினால் காரணம் பலவாக இருக்கலாம்: நீர்த்துப்போன ஆயில், தேய்ந்த பேரிங், தேய்ந்த ஆயில் பம்ப், சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) சேறு அடைத்த ஸ்ட்ரெய்னர் எனும் வடிகட்டி, அல்லது கெட்டுப்போன ஒரு ஆயில் பிரஷர் சுவிட்ச். சுவிட்ச் மலிவானது என்பதால் அதை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். சுவிட்சைக் கழற்றிய துளையில் மெக்கானிக் பிரஷர் கேஜை மாட்டி உண்மையான அழுத்தத்தை அளந்து பார்க்கட்டும். அளந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: எவ்வளவு குறைகிறது என்று அளப்பது

“ஆயில் ரொம்பக் குடிக்கிறது” என்பது ஒரு கணக்கே இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஓடிய வண்டி என்றால் ஆயில் சம்ப்புக்கு இறங்க ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். டிப் ஸ்டிக்கை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, முழுக்க உள்ளே செலுத்தி மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை உருவியபோது தெரிவது பொய் அளவு. குழாயின் சுவரில் ஒட்டிய ஆயிலும் சேர்ந்து வந்திருக்கும். மேல் கோடுவரை ஊற்றி, அன்றைய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே இடத்தில், அதே நேரத்தில் பாருங்கள். பழைய மேல் கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு ஊற்ற வேண்டியிருந்தது என்பதை அளவுக் குவளையில் அளந்து எழுதுங்கள். பெரும்பாலான கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்கும். சிறிய இன்ஜின்களில் அதைவிடக் குறையலாம்.

25 வயதுக் கார் ஆயிரம் கிலோமீட்டருக்கு 200, 300 மி.லி. குடித்தால் நான் கவலைப்படமாட்டேன். பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். அரை லிட்டரைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். ஒரு லிட்டர் என்றால் தள்ளிப்போடக் கூடாது. சின்ன இன்ஜினில் மொத்தமே மூன்று லிட்டர் அளவுக்குத்தான் ஆயில் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அளவெடுக்கும்போதே ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக இருப்பதில் தவறில்லை. அழுக்கை ஏந்திக்கொள்வது அதன் வேலை. முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, காபியில் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறதா, முன்பு பார்த்ததைவிட அளவு கூடியிருக்கிறதா என்பவைதான் கேள்விகள். ஆயிலின் அளவு தானாக அதிகரிக்காது. கூடியிருந்தால் பெட்ரோலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது.

மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள கார்புரேட்டர் கார்களில் இது அடிக்கடி நடக்கும், அடிக்கடி தவறவிடப்படவும் செய்யும். பம்ப்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் திரை கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் கலக்கிறது. ஆயில் தண்ணீராக நீர்த்துப்போகும், விளக்கு மினுங்கும், புகையும் வரும். பம்ப்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினால் முடிந்துவிடும் வேலை இது. பெட்ரோல் கலந்த ஆயிலோடு வண்டியை ஓட்டாதீர்கள்.

இரண்டாம் படி: புகையை மூன்று வேளை பார்ப்பது

திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். சைலன்சருக்குப் பின்னால் பார்க்க ஒரு துணை ஆள் இருந்தால் நல்லது. பின்புறம் கறுப்புத் துணியோ இருண்ட சுவரோ இருந்தால் நீலச் சாயல் தெளிவாகத் தெரியும். நேர் வெயிலில் நீலமும் வெள்ளையும் ஒன்றுபோல் தோன்றி ஏமாற்றிவிடும். மூக்கையும் பயன்படுத்துங்கள்: எரிந்த ஆயில் காந்தலாக மணக்கும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சற்று இனிப்பாக மணக்கும், அதிகப்படியான பெட்ரோல் கண்ணைக் கரிக்கும்.

முதல் பார்வை, இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது. வால்வு சீல் இறுகிப்போயிருந்தால், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டின் மேலே தங்கிய ஆயில் இரவெல்லாம் வால்வுத் தண்டு வழியே சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியிருக்கும். கிளப்பியதும் அது எரிந்து நீலமாகப் பொங்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். ரிங் தேய்ந்த வண்டியில் அப்படித் தெளியாது. கொஞ்சமாகவாவது தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது பார்வை, நன்றாகச் சூடேறிய பிறகு. ஐந்து நிமிடம் அப்படியே ஐடிலில் ஓடவிட்டு, பிறகு ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்துங்கள். அழுத்திய நொடியில் ஒரு நீலக் கொத்து வெளிவந்து மறைந்தால் சந்தேகம் மறுபடி வால்வு சீல் பக்கம் போகிறது.

மூன்றாவது பார்வை, சாலையில். எனக்கு உண்மையைச் சொன்னது இதுதான். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைச்சாலையில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, மூன்றாம் கியரில் இன்ஜினின் பிடிப்பிலேயே வண்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வளைவு தாண்டி ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்ததும் பின்கண்ணாடியில் ஒரு நீலத் திரை எழுந்தது. இருபது முப்பது மீட்டருக்குள் கலைந்தும் போனது. அடுத்த இறக்கத்திலும் அதேதான். ஆனால் முந்தைய நாள் அதே சாலையில், இரண்டாம் கியரில், முழு மிதியில் ஏறியபோது கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை.

காரணம் எளியது. காலை எடுத்ததும் கார்புரேட்டரின் கதவு மூடிக்கொள்கிறது. ஆனால் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருப்பதால் பிஸ்டன்கள் காற்றை இழுக்கப் பார்க்கின்றன. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்டேக் குழாயில் வெற்றிடம் மிகுந்து, தேய்ந்த சீல்கள் வழியே ஆயிலை உறிஞ்சுகிறது. மிதித்ததும் சேர்ந்திருந்த ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்த வண்டியோ பளு ஏறும்போது, அதாவது மேட்டிலும் வேகம் எடுக்கும்போதும், அதிகமாகப் புகைக்கும். ஊர் திரும்பி, எனக்குத் தெரிந்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “ரிங் போயிருந்தால் ஏற்றத்தில்தானே தம்பி புகைய வேண்டும்?”

மலைக்குப் போக முடியாதவர்கள் ஒரு நீளமான மேம்பாலத்தில் இதைப் பார்க்கலாம். பின்னால் வண்டி வராத நேரமாகப் பாருங்கள்.

புகையே தெரியவில்லை, ஆனால் ஆயில் குறைகிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில், அது சூடாக இருக்கும்போது சிறிதளவு ஆயில் புகையை எரித்து மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாததால் நோய் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆயில் சாம்பல் படிந்து கன்வெர்ட்டரும் நாளடைவில் செத்துப்போகும்.

மூன்றாம் படி: வெளியே ஒழுகுகிறதா

குறையும் ஆயில் எல்லாம் எரிந்தே குறைவதில்லை. இரவில் இன்ஜினுக்குக் கீழே ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவையுங்கள். முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துக்கொண்டால், சொட்டு விழுந்த இடத்தை வைத்து மேலே எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம்.

ஒழுகல் எப்போதும் மேலிருந்து கீழே இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டும் இடத்தைவிட ஆயில் படிந்த மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். இன்ஜின் முழுக்கப் பிசுக்காக இருந்தால் முதலில் கழுவித் துடைத்துவிட்டு, இருபது கிலோமீட்டர் ஓட்டி, டார்ச் வைத்துப் பாருங்கள். இன்ஜினின் உச்சியில் உள்ள டேப்பெட் கவரின் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டரின் ரப்பர் வளையம், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், சம்ப் பேக்கிங், டிரெயின் நட்டின் வாஷர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். பட்டறைகளில் டேப்பெட் கவர் கசிவையே “பின் சீல் போய்விட்டது” என்று தவறாகச் சொல்வது உண்டு. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பின்பக்க சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்குச் சம்மதிக்கும் முன் மேலே உள்ளதெல்லாம் உலர்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் முன்பக்க சீல் கசிந்தால் தாமதிக்க வேண்டாம். ஆயிலில் ஊறிய பெல்ட் சீக்கிரம் கெட்டுவிடும். சீலோடு பெல்ட்டையும் சேர்த்து மாற்றுவதே முறை.

கவரிலிருந்து வழியும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டாலும் புகை வரும். அது பானட்டுக்குள்ளிருந்து வரும், சைலன்சரிலிருந்து வராது. தீப்பிடிக்க வாய்ப்புள்ள கசிவு என்பதால் முதலில் சரிசெய்ய வேண்டியது அது.

நான்காம் படி: காசில்லாமல் பார்க்கக்கூடிய மூன்று

முதலில், ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றப்பட்டிருக்கிறதா? அண்மையில் சர்வீஸ் செய்த வண்டி திடீரென்று புகைத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அதிகம் ஊற்றினால் சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். அது மூச்சுக் குழாய் வழியே இன்டேக்கில் போய் எரியும். கூடுதலை வடித்துவிட்டால் போதும்.

அடுத்தது அந்த மூச்சுக் குழாயும் பிசிவி வால்வும். பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவை மறுபடி இன்டேக்குக்கே அனுப்பும் ஏற்பாடு இது. வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கண்ட கண்ட சீல் வழியே ஆயிலைத் தள்ளும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஆயிலைச் சேர்த்து உறிஞ்சும். கழற்றிக் குலுக்கினால் பல வகை வால்வுகளில் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். சத்தமில்லாமல் பிசுபிசுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரப்பர்க் குழாயையும் வளைத்துப் பாருங்கள், வெடித்திருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கையில் உள்ளே ஆயில் குளமாக நின்றால், மூச்சு சரியில்லை அல்லது கீழிருந்து வாயு அளவுக்கு மீறி வருகிறது என்று பொருள்.

மூன்றாவது, அந்த வாயுவையே பார்ப்பது. இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, துளைமேல் தலைகீழாக வையுங்கள். பெல்ட்டும் மின்விசிறியும் சுழலும் இடம். சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் கைத்துணி எதுவும் அருகில் வரக் கூடாது. மூடி லேசாக அதிர்வது இயல்பு. துள்ளி விழுந்து, துளையிலிருந்து ரயில்போல் விட்டுவிட்டுப் புகை தள்ளினால் ரிங்குகள் மேல் சந்தேகம் வலுக்கிறது. என் வண்டியில் மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஐந்தாம் படி: பிளக்குகளைக் கழற்றிப் படிப்பது

எந்தப் பிளக் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்பது மாறிவிடாமல், ஒரு செய்தித்தாளில் 1, 2, 3 என்று எழுதி அதன்மேல் வரிசையாக வையுங்கள். ஆரோக்கியமான சிலிண்டரின் பிளக் முனை வெளிர் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருக்கும். ஆயில் இறங்கும் சிலிண்டரில் கறுப்பாக, ஈரமாக, தொட்டால் வழுக்கும். உலர்ந்த கரி, விரலில் மைபோல் ஒட்டினால் பெட்ரோல் கூடுதல். ஒரு பிளக் மட்டும் கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் அங்கே தண்ணீர் போகிறது.

மூன்றில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் அந்த ஒரு சிலிண்டரில்தான் கோளாறு. எல்லாமே ஒரே மாதிரி லேசாக ஈரமாக இருந்தால் பொதுவான முதுமை. சீல்களோ மூச்சு வழியோ காரணமாக இருக்க அதிக வாய்ப்பு.

ஆறாம் படி: கம்ப்ரஷன் சோதனை

சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் ஏற்றுகிறது என்று அளப்பது இது. இதற்கு மட்டும் கருவி வேண்டும். எந்தப் பட்டறையிலும் கம்ப்ரஷன் கேஜ் இருக்கும். வாடகைக்குக் கேட்பதைவிட உங்கள் கண்முன்னே சோதிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்குகளும் கழற்றப்பட்டிருக்க வேண்டும், இக்னிஷன் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், ஆக்சிலேட்டர் முழுக்க மிதித்திருக்க வேண்டும், பேட்டரி பலமாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் எண் பொய் சொல்லும். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எடுத்த குறைந்த எண்ணைக் காட்டி இன்ஜின் வேலைக்கு ஆள் சேர்ப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஊசி மேலே ஏறாமல் நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றி எண்ணை எழுதுங்கள். பழைய பெட்ரோல் இன்ஜின்களில் சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 13 கிலோ வரை பொதுவாகக் கிடைக்கும். உங்கள் இன்ஜினுக்குரிய எண்ணைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த எண்ணைவிட முக்கியம், சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம். அது ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது.

குறைவான சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி, சில சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஊற்றிய ஆயில் ரிங்கின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஹெட்டுக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவே உள்ள ஹெட் பேக்கிங் போயிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் இரண்டுக்கும் நடுவே பேக்கிங் எரிந்திருப்பதுதான் வழக்கம்.

என் வண்டியில் மூன்றும் 11-ஐ ஒட்டி, சமமாக நின்றன. ஆயில் ஊற்றியும் பெரிதாக மாறவில்லை. வால்வு சீல் கசிந்தாலும் கம்ப்ரஷன் குறையாது என்பது இங்கே நினைவில் இருக்க வேண்டும். சீலுக்கும் அழுத்தத்துக்கும் தொடர்பில்லை. நல்ல கம்ப்ரஷன், காலையில் நீலப் புகை, இறக்கத்தில் நீலப் புகை. இந்த மூன்றும் சேர்ந்தால் பணத்தை வால்வு சீலில் போடலாம்.

வெள்ளைப் புகை

குளிர்ந்த காலையில், மார்கழியிலும் ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களிலும், சைலன்சரில் வெள்ளையாக ஆவி வருவதும் நாலு சொட்டுத் தண்ணீர் விழுவதும் இயல்பு. வண்டி சூடானதும் நின்றுவிடும். நிற்காமல், அடர்த்தியாக, நீண்ட நேரம் காற்றில் தொங்கினால் கூலன்ட் எரிகிறது.

இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மூடி இல்லாமல் கிளப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் முன்பே விடாமல் குமிழி வந்துகொண்டிருந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீரில் கலக்கிறது. கூலன்ட் வாரா வாரம் குறைவது, ஹீட் ஏறுவது, டிப் ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் ஆகியவையும் சேர்ந்தால் ஹெட் பேக்கிங்தான். ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய்போல் படிந்திருந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் பதற வேண்டாம். கடைத்தெரு வரை மட்டும் ஓடும் வண்டியில் உள்ளே ஈரம் வற்றாமல் அப்படிப் படியும். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஹெட்டை இறக்கினால் லேத் பட்டறைக்கு அனுப்பி, நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டவிடாதீர்கள். ஒருமுறை கொதித்த அலுமினிய ஹெட் எளிதில் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டில் புதுப் பேக்கிங் சில மாதம்கூடத் தாங்காது.

கறுப்புப் புகை

இது ஆயில் பிரச்சினையே அன்று, எரிபொருள் கூடுதல். கார்புரேட்டர் வண்டியில் சோக் முழுக்கத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, மிதவையின் ஊசி பெட்ரோலை நிறுத்துகிறதா என்று பாருங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார், கசியும் இன்ஜெக்டர். விட்டுவைத்தால் கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி ரிங்கைத் தேய்க்கும். பிறகு அதுவே நீலப் புகையில் முடியும்.

டீசலில் கறுப்புக்கு இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், டர்போக் குழாயில் கிழிசல் என்று தேட வேண்டும். குளிர்ந்த நேரத்து வெள்ளைப் புகைக்கு ஹீட்டர் பிளக்கையும் பம்ப் டைமிங்கையும் பாருங்கள். டர்போவின் சீல் போய் ஆயில் உள்ளே பாய்ந்தால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலிலேயே தானாக வேகமெடுத்து ஓடும், சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்போது பிரேக்கை முழுக்க மிதித்து, மேல் கியரில் கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். டர்போ டீசலில் நீலப் புகையை ஒரு நாள்கூட ஒத்திப்போடாதீர்கள்.

எந்த ஆயில், எந்தப் பாட்டில்

பழைய மாருதிக்கு எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் ஊற்றுவது 20டபிள்யூ-40. முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், இரண்டாவது எண் இன்ஜின் சூட்டில் அதன் தடிமனையும் குறிக்கும். கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் ஒரு படி தடித்த ஆயிலுக்குப் போனால், சமவெளி வெயிலில் ஓடும் தேய்ந்த இன்ஜினுக்குச் சற்று ஆறுதல் கிடைக்கும். அது வலிநிவாரணி அளவுதான். அதற்கு மேலும் தடித்ததை ஊற்றினால் காலையில் கிளப்பியவுடன் மேல்பாகங்களுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும்.

புகையை நிறுத்துவதாகச் சொல்லி விற்கும் திரவங்களை நான் வாங்குவதில்லை. அவற்றில் பல ஆயிலைத் தடிமனாக்கிச் சில வாரம் நோயை மறைக்கின்றன. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதனால்தான் இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலையில், முன்கூட்டியே கிளப்பிவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். பல ஆண்டுச் சேறு படிந்த இன்ஜினில் ஃப்ளஷ் திரவம் ஊற்றுவதும் ஆபத்து: கட்டியாகப் பெயர்ந்த சேறு ஸ்ட்ரெய்னரை அடைத்தால் ஆயில் அழுத்தமே போய்விடும். அதற்குப் பதில் நல்ல ஆயிலை இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றுங்கள். மூன்று தடவையில் உள்ளே கண்ணுக்குத் தெரிய வெளுக்கும். நெடுங்காலம் நின்ற வண்டியில் ஒட்டிக்கொண்ட ரிங்குகளும் சில சமயம் இப்படியே விடுபடும்.

காலிப் பாட்டிலைக் குத்தி ஓட்டையிட்டு எறியுங்கள். போலி ஆயில் நிரப்புகிறவர்கள் கையில் அது போகக் கூடாது. வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. மூடிய கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு முறைப்படி அனுப்பும் சர்வீஸ் மையத்தில் கொடுங்கள்.

பட்டறையில் வேலை கொடுக்கும்போது

குறிப்பேட்டைக் கையில் கொண்டுபோங்கள். “காலையில் இரண்டு நிமிடம், இறக்கத்துக்குப் பிறகு, கம்ப்ரஷன் இவ்வளவு, ஆயிரத்துக்கு இத்தனை மி.லி.” என்று சொல்பவரிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வால்வு சீல் மாற்றுவதென்றால், பல இன்ஜின்களில் பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து வால்வு கீழே விழாமல் தாங்கி, ஹெட்டை இறக்காமலே முடிக்கக்கூடிய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடு தேய்ந்திருக்கிறதா என்று அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைடு ஆடினால் புதுச் சீல் சீக்கிரம் போய்விடும். அப்போது ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். ரிங் வேலை என்றால் போரை அளந்த எண்ணைக் கேளுங்கள். போர் முட்டை வடிவில் தேய்ந்திருக்கும்போது ரிங்கை மட்டும் மாற்றுவது வீண். போரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். போர் நன்றாக இருந்தாலும் சுவரில் ஹோனிங் செய்து மெல்லிய குறுக்குக் கோடுகள் போடாமல் புது ரிங் படியாது. பழைய ரிங்குகளையும் சீல்களையும் வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள். எனக்குக் கிடைத்த ஆறு சீல்களையும் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். ரப்பராக இருந்தது கொட்டாங்குச்சிபோல் இறுகி, ஒன்று விரலிலேயே உடைந்தது.

வேலை முடிந்த மறுநாளும் புகை வந்தால் பயப்படாதீர்கள். சைலன்சருக்குள் ஊறிய பழைய ஆயில் எரிந்து தீர நூறு இருநூறு கிலோமீட்டர் ஆகும். ரிங் மாற்றியிருந்தால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டாமல், அதிகம் திணறடிக்காமல், ஏற்றியும் இறக்கியும் ஓட்டி, ஆயிலை மாற்றிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். என் குறிப்பேட்டில் சீல் மாற்றும் முன் இருந்த கடைசி வரி ஆயிரம் கிலோமீட்டருக்கு 650 மி.லி. மாற்றிய பிறகு எழுதிய முதல் வரி 120.